திமிங்கிலங்களுக்கும் ஓர் இடாப்பு

பாடசாலையிற் காலைமணி அடித்ததும் வகுப்பாசிரியர் செய்யும் முதல் வேலை இடாப்புக் கூப்பிடுதல். மாணவர் பலர் அதனை ஒரு சடங்கென்றே எண்ணுவர். ஆயின் இடாப்பின் பயன் வந்தவரைக் குறிப்பதிலன்று, வராதவர் யாரெனக் காட்டுவதிலேயே உள்ளது. மூன்று நாட்கள் தொடர்ந்து ஒருவனுடைய பெயருக்கு நேரே வெற்றிடம் இருந்தால், ஆசிரியர் அவன் வீட்டுக்கு ஆளனுப்பி விசாரிக்கின்றார். பெயர் பதியப்படாத பிள்ளை வராதொழிந்தாலோ, அவனைத் தேடுவார் ஒருவரும் இலர். விழா மலரொன்றின் பக்கங்களில் இதனைக் கூறுதல் பொருத்தமே. பழைய மாணவர் சங்கமென்பதும் ஒரு நீண்ட இடாப்புத்தானே.

உலகின் மறுபக்கத்திலுள்ள மிகச் சிறிய தீவு நாடொன்றில், கடல்வாழ் பிராணிகளுள் ஓரினத்தைக் காக்கும் முயற்சி இவ்வாறான ஓர் இடாப்பிலிருந்தே தொடங்கியது. அவ்வரலாறு நமக்கும் உரியது. எவ்வாறென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

ஆங்கிலேயர் ஸ்பேர்ம் திமிங்கிலம் என்று வழங்கும் பிராணியைப் பற்றியே பேசுகின்றேன். பல்லுள்ள திமிங்கிலங்களுள் இதுவே மிகப் பெரியது. ஆண் ஏறத்தாழ 16 மீற்றர் நீளமும் பெண் 11 மீற்றர் நீளமும் வளரும். உடல் நீளத்தில் மூன்றிலொரு பங்களவு தலையே. அத்தலையினுள் மெழுகு போன்ற எண்ணெய் நிறைந்திருக்கின்றது. மூளையின் நிறை ஏறத்தாழ 8 கிலோகிராம். உலகில் வேறெப்பிராணிக்கும் இவ்வளவு பெரிய மூளை இல்லை. கணவாயினங்களைத் தேடி இருள்சூழ்ந்த ஆழ்கடலில் 600 மீற்றர் முதல் 1,000 மீற்றர் வரை சாதாரணமாக மூழ்கி, முக்கால் மணி நேரம் மூச்சடக்கி இருந்து, மேலே வந்து சிறிது நேரம் இளைப்பாறி, மீண்டும் மூழ்கும். இதன் குடலில் உண்டாகும் மீனம்பரை நம் வைத்தியர் நெடுங்காலமாக அறிவர். மருந்தை அறிந்த அளவு, மருந்தைத் தந்த பிராணியை நாம் அறிந்திலோம். திமி என்னும் பெருமீனை விழுங்குவது என்பதே திமிங்கிலம் என்ற சொல்லின் பொருள். குட்டியீன்று பாலூட்டும் ஒன்றை மீனென்று கொண்ட பெயர் அது.

தலையிலிருந்த எண்ணெயே இதற்கு யமனாயிற்று. விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்குப் பூசவும் அவ்வெண்ணெய் வேண்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 7 இலட்சத்து 60 ஆயிரம் வரையிலான ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. வணிக நோக்கிலான வேட்டையை நிறுத்துவதென்று சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு 1982இல் தீர்மானித்தது. அதுவரை இப்பிராணியைப் பற்றி விஞ்ஞானிகள் அறிந்தவற்றுட் பெரும்பகுதி, வேட்டைக் கப்பலின் தளத்திலே வெட்டிப் பிளந்த உடல்களிலிருந்து கற்றதேயாம். வயிற்றில் என்ன இருந்தது, கருப்பையில் என்ன இருந்தது, எத்தனை பீப்பாய் எண்ணெய் தேறியது என்பனவெல்லாம் எழுதப்பட்டன. அது யாருடைய தாய், யாருடைய மகள் என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதுவதற்கு வழியுமில்லை.

இனி அச்சிறு தீவுக்குச் செல்வோம். டொமினிக்கா என்பது அதன் பெயர். பெயரொற்றுமையால் டொமினிக்கன் குடியரசோடு மயங்குவார் பலர், அது வேறு. கரிபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் 750 சதுர கிலோமீற்றர் பரப்பும் ஏறத்தாழ எழுபதினாயிரம் மக்களும் கொண்ட இத்தீவு யாழ்ப்பாண மாவட்டத்திலும் சிறியது. 1978இல் சுதந்திரமடைந்தது. எரிமலைகளால் உண்டான நிலமாதலின் கரைக்கு மிக அண்மையிலேயே கடல் அதலபாதாளமாக ஆழ்கின்றது. தீவின் மலைகள் கீழைக்காற்றை மறைத்து நிற்பதால் மேற்குக் கரையோரக் கடல் அமைதியானது. அங்கே ஸ்பேர்ம் திமிங்கிலக் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் காணப்படுகின்றன. ஏனைய சமுத்திரங்களில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் அலையும் இவ்வினம், இங்கே அயல் தீவுகளுக்கிடையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றது.

சேன் ஜெரோ என்னும் கனேடிய உயிரியலாளர் 2005இல் அங்கே தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஆழமாக மூழ்கும்போது திமிங்கிலம் தன் வாற்செட்டையை நீருக்கு மேலே தூக்கும். அச்செட்டையின் ஓரத்திலுள்ள வெட்டுக்களும் கீறல்களும் ஒன்றற்குள்ளவை மற்றொன்றற்கு இரா. நம் கைரேகை போன்றது அது. படமெடுத்து, பெயரிட்டு, யார் யாருடன் நீந்துகின்றார், எந்தக் குட்டி எந்தத் தாயின் பக்கத்திலிருக்கின்றது என்று நாடோறும் எழுதிவந்தார். ‘எழுவர் கூட்டம்’ என்று ஒரு குடும்பத்துக்குப் பெயர். அதில் ‘விரல்கள்’ என்று பொருள்படும் பிங்கர்ஸ் ஒரு தாய். அவள் மகளுக்கு டிஜிற் என்று பெயர். அஃறிணைக்கு இப்படிப் பெயரிட்டு உறவு கூறுதல் விஞ்ஞானத்துக்கு ஏற்குமா என்று கேட்போர் உளர். ஏற்கும் என்பது என் கருத்து. பெயர் என்பது இங்கே செல்லமன்று. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடாதிருக்கும் காவல்.

இவ்விடாப்பு நிரம்ப நிரம்ப வெளிப்பட்டவை பல. குடும்பமென்பது பாட்டியும் தாயும் பெண்மக்களும் சேர்ந்தது. ஆண்கள் பருவம் வருமுன்னரே பிரிந்து, குளிர்ந்த துருவக் கடல்களை நோக்கிச் செல்வர். தாயொருத்தி இரைதேடி ஆழத்துக்குச் செல்லும்போது, அவ்வளவு ஆழம் மூழ்கமாட்டாத குட்டியை மேலே நிற்கும் மற்றொருத்தி காவல் காப்பாள். ஒருவர் மாறி ஒருவர் மூழ்குவர். குடும்பங்கள் ஒன்றோடொன்று சந்திக்கும்போது ‘கோடா’ எனப்படும் சொடுக்கொலித் தொடர்களால் உரையாடுகின்றன. கிழக்குக் கரிபியனுக்கு உரிய கோடா ஒன்று உண்டு. இரண்டு சொடுக்குகள் தனித்தனியாக நின்று ஒலிக்க, மூன்று சொடுக்குகள் விரைந்து தொடரும். முப்பது ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்தும் அது மாறவில்லை. வேறு சமுத்திரங்களில் வாழும் குலங்களுக்கு வேறு கோடாக்கள் உள. குட்டிகள் அதனைப் பிறப்பிலேயே கொண்டு வருவதில்லை. மழலை பேசி, பிழைவிட்டு, மூத்தோரைக் கேட்டே கற்கின்றன. ஆகவே ஒரு குலம் அழியுமிடத்து அழிவது உடல்கள் மாத்திரமல்ல. ஒரு பேச்சுவழக்கும் உடன் அழிகின்றது. மொழியை உயிரென மதிக்கும் நமக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இடாப்பு வெற்றிடங்களையும் காட்டத் தொடங்கியது. ஜெரோவும் அவர்தம் ஆசிரியரான ஹால் வைட்ஹெட்டும் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், நன்கு அறியப்பட்ட 16 குடும்பங்களுள் 12 சிறுத்து வருகின்றன என்றும், 2010ஆம் ஆண்டுக்குப் பின் குடும்பங்களின் அளவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4.5 வீதம் குறைகின்றது என்றும் காட்டினர். எழுவர் கூட்டத்தில் மூவரே எஞ்சினர். பிறக்கும் குட்டிகளில் மூன்றிலொன்று முதலாண்டிலேயே இறந்துவிடுகின்றது. கப்பல்கள் மோதுகின்றன, மீன்பிடிக் கயிறுகள் சுற்றிக்கொள்கின்றன. சிறுமியாகிய டிஜிற்றின் வாலில் 2015இல் கயிறு இறுகிச் சிக்கியது. அவளால் ஆழ மூழ்கி இரைதேட முடியவில்லை. அவள் பிழைக்கமாட்டாள் என்றே பலரும் அஞ்சினர். 2018இல் கயிறு நீங்கிய வாலுடன் அவள் மீண்டும் காணப்பட்டாள். இச்செய்தி நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவள் பெயர் இடாப்பில் இருந்ததே. பெயரில்லாத எத்தனை டிஜிற்றுகள் எத்தனை கடல்களில் கயிற்றோடு அமிழ்ந்தன என்று யார் கணக்கிடுவார்?

உலகில் இன்று ஏறத்தாழ எட்டு இலட்சம் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் இருப்பதாக மதிப்பிடுகின்றனர். இப்பெருந்தொகையைக் கேட்டவர் கவலையின்றி உறங்கலாம். கிழக்குக் கரிபியனிலோ ஐந்நூறுக்கும் குறைவானவையே உள்ளன. உலகத் தொகையை மட்டும் நோக்குபவருக்கு அந்த ஐந்நூறும் மறைந்தால்கூட ஒரு மாற்றமும் தோன்றாது. மொத்தக் கணக்கு மறைப்பதைப் பெயர்க் கணக்கே வெளிப்படுத்தும். இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவதும் இதுவே.

அறிவு மாத்திரம் காவலாகிவிடுமா? ஆகாது, அரசு அசையவேண்டும். டொமினிக்காவின் அரசு அசைந்த கதை மெச்சத்தக்கதாகவே எப்போதும் இருந்ததன்று. 2000ஆம் ஆண்டில் தென் பசிபிக் கடலைத் திமிங்கிலச் சரணாலயமாக்கும் யோசனை சர்வதேச ஆணைக்குழுவில் வந்தபோது, டொமினிக்கா யப்பானுடன் சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது. அந்நாட்டின் சுற்றாடல் அமைச்சராயிருந்த அதர்ற்றன் மார்ட்டின் அதனைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். சிறு நாடொன்றில் அமைச்சுப் பதவியை ஒரு திமிங்கிலத்துக்காக விடுவார் எத்தனை பேர்? எட்டு ஆண்டுகள் சென்றபின், 2008இல், யப்பானின் பக்கம் இனி வாக்களிப்பதில்லை என்று அந்நாடு அறிவித்தது. 2017இல் மரியா என்னும் பெரும் சூறாவளி தீவைச் சிதைத்து, நாட்டின் ஓராண்டு உற்பத்தியின் இருமடங்குக்கு மேற்பட்ட பெறுமதியை அழித்துச் சென்றது. அத்தகைய நாடு 2023 நவம்பரில், பிரதமர் ரூஸ்வெல்ற் ஸ்கெறிற் தலைமையில், மேற்குக் கரையோரமாக ஏறத்தாழ 788 சதுர கிலோமீற்றர் கடலை ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் காப்பகமாக்குவதாக அறிவித்தது. ஸ்பேர்ம் திமிங்கிலங்களுக்கென்றே அறிவிக்கப்பட்ட காப்பகம் உலகில் அதுவே முதலாவது. தம் நிலப்பரப்பிலும் சற்றுப் பெரிய கடற்பரப்பை அவர்கள் ஒதுக்கியிருக்கின்றனர். பெருங்கப்பல்கள் குறித்த பாதையிலேயே செல்லவேண்டும். பெருந்தொழிலாக மீன்பிடித்தல் அங்கே கூடாது. சிறு மீனவர் தம் தொழிலைத் தொடரலாம்.

இப்பிந்திய ஏற்பாடு மிக அறிவுடையது. மீனவனைப் பகைத்துக் கடலைக் காத்தவர் எங்கும் இலர்.

திமிங்கிலத்தின் கழிவு கடல்நுண்ணுயிர்களை வளர்த்து, அவை வளியிலுள்ள கரியை உறிஞ்சுவதால் காலநிலைக்கும் நன்மையுண்டு என்றும் அக்காப்பகத்துக்கு ஆதரவாகக் கூறினர். அது உண்மையாயிருக்கலாம். ஆயினும், பிற்காலத்தில் வரிசெலுத்துவான் என்பதற்காகவே ஒரு பிள்ளையைப் படிப்பிக்கவேண்டும் என்று வாதிப்பது போல் அது என் செவிக்குப் படுகின்றது.

காப்பகம் அறிவித்ததோடு எல்லாம் முடிந்தது என்று கொள்வதும் தவறு. இத்திமிங்கிலங்கள் வடக்கே குவாடலூப் வரையும் தெற்கே சென்ற் வின்சன்ற் வரையும் செல்வன. அவ்வழியிலுள்ள தீவுகள் பல்வேறு கொடிகளின் கீழுள்ளன. டொமினிக்காவின் எல்லையைத் தாண்டியதும் அதே குடும்பம் அதே கப்பல்களின் முன்னே காவலின்றி நீந்துகின்றது. அனுமதிச்சீட்டுப் பெற்றுத் திமிங்கிலங்களுடன் நீந்தும் உல்லாசப் பயணத்திலும் எனக்கு ஐயமுண்டு. அதன் வருமானம் காப்பகத்துக்கு உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கொருமுறை ஒரு குட்டியை ஈனும் தாய் இளைப்பாறும் அச்சில நிமிடங்களில், அவளைச் சுற்றி எத்தனை பேர் நீந்தலாம் என்பதை ஆசையன்று, அளவே தீர்மானிக்கவேண்டும்.

கிரேக்க நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஹெலனிக் ஆழ்கடற் பள்ளத்தில் இருநூறு முதல் முந்நூறு வரையிலான ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. அங்கும் விஞ்ஞானிகள் 1998 முதல் இடாப்பு எழுதுகின்றனர். கரையொதுங்கிய உடல்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் கப்பல் மோதிய அடையாளம் உண்டு. 2022இல் எம்.எஸ்.சி. என்னும் பெருங் கப்பற் கம்பனி தானாகவே தன் கப்பல்களின் பாதையைச் சற்று விலக்கியது. ஒரு கம்பனியின் நல்லெண்ணம் போற்றத்தக்கது. ஆயினும் நல்லெண்ணத்துக்குச் சட்டத்தின் நிலைபேறு இல்லை.

அண்மைக்காலத்தில் டொமினிக்காவின் பெயரை உலகெங்கும் பரப்பியது வேறொரு முயற்சி. திமிங்கிலப் பேச்சை இயந்திர அறிவின் துணைகொண்டு விளங்கிக்கொள்ளலாம் என்ற நோக்கோடு 2020இல் ‘செற்றி’ என்னும் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. 8,719 கோடாக்களை ஆராய்ந்து, தாளமும் வேகமும் சிறு நெகிழ்வுகளும் சேர்ந்து குறைந்தது 143 வகைச் சேர்க்கைகள் உண்டாகின்றன என்று 2024இல் அவ்வாராய்ச்சியாளர் வெளியிட்டனர். வியக்கத்தக்க கண்டுபிடிப்பே. ஆனால் அந்த 8,719 கோடாக்களையும் தந்தது, ஜெரோ முதலியோர் 2005 தொடக்கம் வெயிலிலும் உவர்நீரிலும் இருந்து சேர்த்த ஒலிநாடாக்களும் பெயர்ப்பட்டியலும் அல்லவா? யார் பேசினார் என்று தெரியாவிடின் என்ன பேசினார் என்று எந்த இயந்திரத்தாலும் கூறவியலாது. நிதியும் புகழும் இயந்திரத்தை நாடிச் செல்கின்றன. இடாப்பெழுதுபவன் அடுத்த பயணத்துக்கு எரிபொருள் வாங்கப் பணம் தேடுகின்றான். விஞ்ஞானத்தில் இவ்வநீதி புதியதன்று.

இவையெல்லாம் கரிபியன் கதையாயிற்றே, நமக்கென்ன என்று கேட்பவருக்கு இனி விடை கூறுவேன். ஜெரோவின் ஆசிரியர் வைட்ஹெட் என்றேனன்றோ? அவர் இம்முறையைக் கரிபியனிற் கற்றவரல்லர். 1979இல், சீசெல்ஸ் நாட்டின் யோசனைப்படி, இந்துசமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கொல்லாமலே திமிங்கிலத்தைக் கற்கமுடியுமா என்று பார்க்கவென, உலக வனசீவராசிகள் நிதியத்தின் ஆதரவில், ‘டியூலிப்’ என்னும் பத்து மீற்றர் நீளப் பாய்மரப் படகு 1981இல் இச்சமுத்திரத்துக்கு வந்தது. அதில் இளைஞராக வந்தவர் வைட்ஹெட். 1982 முதல் 1984 வரை அவர்கள் இலங்கைக் கடலில், சிறப்பாகத் திருகோணமலைக்கு அப்பால், ஸ்பேர்ம் திமிங்கிலங்களை இரவும் பகலும் பின்தொடர்ந்தனர். நீரடி ஒலிவாங்கியைக் கடலிலிறக்கிச் சொடுக்கொலி வரும் திசையறிந்து செல்வது, வாற்செட்டையைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் இனங்காண்பது ஆகிய வழிகள் நம் கடலிலேயே பயின்று திருத்தப்பட்டன. ஸ்பேர்ம் திமிங்கிலமொன்று குட்டி ஈன்றதை 1983இல் நம் கடலிலே அவர்கள் நேரிற் கண்டு எழுதினர். பின்னர் 1985இல் வைட்ஹெட் அம்முறையைக் கலாபகோஸ் தீவுகளுக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அவர் மாணவர் வழியாக அது டொமினிக்காவை அடைந்தது.

அதாவது, டொமினிக்காவின் இடாப்புக்கு முதலெழுத்து எழுதப்பட்ட இடம் திருகோணமலை. அங்கே இருபதாண்டு விடாது எழுதினர். இங்கே எழுத்து 1984உடன் நின்றது. நின்றதற்குப் பின்வந்த கால் நூற்றாண்டில் நாம் பட்டவற்றை இங்கே கூறவேண்டியதில்லை. மனிதரின் இடாப்பிலேயே வெற்றிடங்கள் பெருகிய காலம் அது. கடலுக்குச் செல்லத் தடையிருந்த காலமும் அதுவே. அக்காலத்தில் திமிங்கிலத்தை எண்ணவில்லையே என்று யாரையும் குறைகூறுதல் நேர்மையன்று. ஆனால் போர் 2009இல் முடிந்தது. அதன்பின்னும் கிழக்குக் கடலிலே திமிங்கிலம் பார்க்கும் படகுகள் பெருகின அளவுக்குத் திமிங்கிலத்தைப் பதியும் ஏடுகள் பெருகவில்லை. இதற்கு நியாயம் கூறுதல் கடினம்.

தெற்கிலே நிலைமை சற்று வேறு. நம் நாட்டவரான ஆஷா டி வொஸ் தென்கடலின் நீலத்திமிங்கிலங்களை ஆராய்ந்து, தெய்வேந்திரமுனைக்கு அப்பாற் செல்லும் உலகின் பெருங் கப்பற்பாதையொன்று அவற்றின் உணவிடத்தின் மேலேயே கிடக்கின்றது என்பதை உலகறியச் செய்தார். 2012இல் திமிங்கிலம் பார்க்கும் படகுகளுக்கு ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. மேற்கூறிய கப்பற் கம்பனி 2022இல் இங்கும் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல்மைல் தெற்கே விலக்கியது. உள்ளூரார் ஒருவர் விடாது எழுதியதன் பலன் இது. கிழக்கிற்கும் அப்படியொருவர், அல்லது சிலர், வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகின்றது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே பேராழம். இதனாலேயே ஆழ்கடற் பிராணியைக் காண நாட்கணக்கிற் கப்பலோடவேண்டியதில்லை. பங்குனி முதல் ஆவணி வரையிலான காலத்தில் மீனவர் அவற்றைக் காண்கின்றனர். அவற்றுள் நம் கடலிலேயே வாழ்வன எவை, வந்து போவன எவை என்னும் வினாவுக்கு, டொமினிக்காவிற் போலவே, பல ஆண்டுகளின் வாற்படங்களை அருகருகே வைத்தாலன்றி விடை கிடையாது. அவ்விடை இல்லாமற் காப்பகத்தின் எல்லையை எங்கே கீறுவது? எந்தக் கப்பலை எங்கே விலக்கச் சொல்வது?

இதற்கு வேண்டுவன பெரும் பொருளல்ல. நீள்வில்லை பூட்டிய ஒரு கமரா, ஒரு நீரடி ஒலிவாங்கி, நாளும் நேரமும் இடமும் பிசகாது எழுதும் ஒரு கை. கடலைத் தம் முற்றமாக அறிந்த மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார் நம்மிடையே உளர். அவர்களைச் சாட்சிகளாக மட்டுமன்றி ஆராய்ச்சியின் பங்காளராகவே சேர்த்துக்கொள்ளவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் விஞ்ஞானத் துறையும், கொழும்பிலுள்ள நாரா நிறுவனமும் உள்ளன. வெளிநாட்டு விஞ்ஞானி வரட்டும், கற்பிக்கட்டும், நன்றியோடு வரவேற்போம். ஆனால் அவர் விமானமேறிய பின்னரும் ஏட்டை மூடாது எழுதுபவன் இவ்வூரவனாக இருத்தல்வேண்டும். டியூலிப் படகு போனதோடு எழுத்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகின்றேன்.

பழைய மாணவர் சங்கங்கள் விழாக்காலத்தில் மண்டபமும் மதிலும் நுழைவாயிலும் கட்ட நிதி திரட்டுகின்றன. நன்று. அந்நிதியின் ஒரு சிறு பங்கை, உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவர் சிலர் ஆண்டுதோறும் பருவகாலத்திற் கடலுக்குச் சென்று வாற்படமெடுக்கவென ஒதுக்கலாகாதா? அரும்பொருட்சாலையில் அடைபட்ட எலும்புக்கூட்டைப் பார்த்துவருவதிலும் அது சிறந்த பாடமாகும்.

பெண் திமிங்கிலங்கள் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழக்கூடியன. 1983இல் திருகோணமலைக்கு அப்பால் வாற்செட்டை படமெடுக்கப்பட்ட இளம் பெண்ணொன்று இன்று பாட்டியாகித் தன் குடும்பத்தை அதே பள்ளத்தாக்கின் மேல் நடத்திக்கொண்டிருக்கலாம். வைட்ஹெட்டின் குழுவினர் எடுத்த பழைய படங்களின் பிரதிகளை அவர்களிடம் கேட்டுப் பெறுவதே முதல் வேலை. அப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வரும் பங்குனியிற் கடலுக்குச் செல்வோர், நாற்பதாண்டுக்கு முன் எழுதிய பெயருக்கு நேரே ‘வந்திருக்கின்றாள்’ என்று குறிக்கவும் கூடும்.